மசில்லோடருக்கு ஒரு பீப் சைட்: ஒரு சீசன் பயன்படுத்திப் பார்த்தபின்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மசில்லோடர் (குழல் வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் இட்டுச் சுடும் துப்பாக்கி) சீசனில் மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். 2016இல் இங்கே மசில்லோடரில் உருப்பெருக்கும் ஸ்கோப்பை அனுமதித்தார்கள். 2024 ஜனவரியில் மாநில வனவிலங்கு வாரியம் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இனி வெறும் சைட் (குறிபார்க்கும் வெட்டும் மணியும்), சிறு துளை வழியாகக் குறிபார்க்கும் பீப் சைட், இல்லையென்றால் பெரிதாக்காத 1எக்ஸ் ஸ்கோப் மட்டும்தான். 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும் என் ஸ்கோப் இப்போது அலமாரியில் இருக்கிறது. அதற்குப் பதிலாக 90 டாலருக்கு ஒரு அலுமினிய பீப் சைட் வாங்கி, .50 காலிபர் துப்பாக்கியில் பொருத்தினேன்.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சாதாரண சைட்டில் பின்னால் உள்ள வெட்டு, குழல் முனையில் உள்ள முன் மணி, மான் என மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க என் கண்ணால் முடியாது. விரல்களைக் குவித்துச் சிறு துளை வழியாகப் பார்த்தால் மங்கிய எழுத்துகூடத் தெளியும் அல்லவா, பீப் சைட் அதே வேலையைத்தான் செய்கிறது. துளையைப் பார்க்கவே வேண்டாம்; அதனூடே முன் மணியைப் பார்த்தால் போதும், கண் தானாக நடுவுக்கு வந்துவிடும். 100 கிரெயின் (சிறு எடை அளவு) வெடிமருந்து, 250 கிரெயின் குண்டு போட்டு 100 கஜத்தில் மூன்று குண்டுகளை ஓர் உள்ளங்கைக்குள் அடக்கினேன். இவ்வளவை நான் எதிர்பார்க்கவில்லை.

குறை இரண்டு. குறியை இடம் வலமாக நகர்த்தும் பக்கவாட்டுத் திருகின் கோடுகள் பொடியாக இருப்பதால் கண்ணாடி போடாமல் எண்ண முடியவில்லை. அடிப்பாகத் திருகுகளோ பதினைந்தாவது சுடுதலிலேயே தளர்ந்தன. திருகுப் பசை தடவி மறுபடி இறுக்கியபின் தொல்லை இல்லை. பெட்டியிலேயே ஒரு துளி பசை வைத்திருக்கலாம்.

முதல் நாள் காலை, மஞ்சளாகிக்கொண்டிருந்த ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே நல்ல கொம்புள்ள மியூல் மான் ஒன்று வந்து நின்றது. தூரமானியில் 190 கஜம். அந்தத் தூரத்தில் முன் மணி அதன் தோள் முழுவதையும் மறைத்தது. போதாததற்குக் குண்டும் ஒரு சாண் அளவு இறங்கும். சுடவில்லை. அது மேட்டைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். பழைய ஸ்கோப் இருந்திருந்தால் அன்றே வீட்டுக்குக் கறி வந்திருக்கும். பல வருடம் விண்ணப்பித்துப் புள்ளி சேர்த்துக் குலுக்கலில் கிடைத்த வேட்டை அனுமதி என்பதால் வலித்தது.

மறுநாள் சாயங்காலம் காற்றை முகத்தில் வாங்கியபடி ஓடையோரம் ஒரு மணி நேரம் நகர்ந்து ஒரு மானுக்கு 80 கஜத்துக்குள் போனேன். சூரியன் மறைந்துவிட்டது, சட்டப்படி இன்னும் அரை மணி நேரம் இருந்தது. சிறு துளையில் ஒன்றும் தெரியாததால் உள்வளையத்தைக் கழற்றிப் பெரிய துளையாக்கினேன். அதைச் சத்தமில்லாமல் விரலாலேயே கழற்றலாம், இதன் மிகச் சிறந்த அம்சமே அதுதான். ஒரே குண்டு. மான் நாற்பது அடிகூடப் போகவில்லை.

அந்த நெருக்கத்தில், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்ற அனுபவத்தை ஸ்கோப் எனக்குத் தந்ததே இல்லை. அதனால் இந்தக் கட்டுப்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. தூரத்துச் சுடுதல் குறைந்தால் வயது முதிர்ந்த ஆண் மான்கள் மிஞ்சும், எங்கள் அனுமதிகளும் குறையாது என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு கண்ணிலும் அறுவைச் சிகிச்சை ஆனவர். "தூரமாச் சுடவா நான் ஸ்கோப் வெச்சிருந்தேன்? காயப்படுத்தி விட்டுடக் கூடாதுன்னுதான் வெச்சிருந்தேன்" என்றார். என் துப்பாக்கியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். 50 கஜத்தில் பரவாயில்லை, 100இல் இலக்குத் தாளையே தவறவிட்டார். இந்த வருடம் அவர் மசில்லோடருக்கு விண்ணப்பிக்கவில்லை. அவரைப் போன்றவர்கள் 1எக்ஸ் ஸ்கோப்பை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மற்றவர்களுக்கு: இந்த பீப் சைட்டுக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண். கோடைக்குள் வாங்கி, சீசனுக்கு முன் குறைந்தது ஐம்பது குண்டு சுட்டுப் பழகுங்கள்.