பழைய கமெரா வைத்திருப்பவர்கள் கவனம்: 48,000 ரூபாவும் போச்சு, கமெராவும் கெட்டுப்போச்சு

நேற்றிரவு பிலிமைக் கழுவிப் பார்த்ததிலிருந்து நித்திரை இல்லை. பழைய கமெரா திருத்துவதாக இணையத்தில் விளம்பரம் போடும் கொழும்புக்காரர் ஒருவர் என்னிடம் 48,000 ரூபாவை ஏமாற்றி எடுத்துவிட்டார். வன்னியிலிருந்து வேறு யாரும் அவருக்கு அனுப்பிவிடக் கூடாதென்றுதான் உடனே எழுதுகிறேன்.

கமெரா 'ஹொரிசொண்ட்'. மொஸ்கோவுக்குப் பக்கத்துக் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் 1967 முதல் 1973 வரை செய்த அகலப்படக் கமெரா. பெரியப்பா சோவியத்தில் படித்துவிட்டு வரும்போது கொண்டுவந்தது. 2009இல் எங்கள் வீட்டில் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. இது வவுனியாவில் மாமி வீட்டு அலுமாரியில் கிடந்ததால் தப்பியது.

இதில் லென்ஸ் ஓர் உருளைக்குள் இருக்கும். பொத்தானை அழுத்தினால் ஸ்பிரிங் இழுவையில் உருளை திரும்பி 120 பாகையைப் படமாக்கும். ஒடுங்கிய பிளவு ஒன்று வளைந்து நிற்கும் பிலிமைத் தடவிக்கொண்டு போகும். உருளை ஒரே சீராக ஓட வேண்டும், எல்லாமே அதில்தான் இருக்கிறது. கிரீஸ் இறுகி ஓரிடத்தில் தயங்கினால் அங்கே வெளிச்சம் கூடப் பட்டு, படத்தில் மேலிருந்து கீழாகப் பட்டை விழும். எங்களுடையதில் அந்தப் பழுதுதான். பள்ளிக்கூடப் பழைய மாணவர் ஒன்றுகூடலில் எல்லோரையும் வில்லாக வளைத்து நிறுத்தி (நேராக நிறுத்தினால் வரிசை நடுவில் புடைத்துத் தெரியும்) ஒரே படத்தில் எடுக்க ஆசைப்பட்டேன்.

விளம்பரம் போட்ட அந்தக் கொழும்புக்காரருக்குப் போன் எடுத்தேன். "அண்ணை, போனைக் கிட்டப் பிடிச்சு ஒருக்கா அழுத்துங்கோ" என்றார். சத்தத்தைக் கேட்டுவிட்டு, "முப்பதில விடேக்க இழுக்குது. கிரீஸ் காஞ்சிட்டுது, கழட்டிக் கழுவித்தான் போடவேணும்" என்றார். (முப்பது என்றால் 1/30 செக்கன் வேகம்.) சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்கிறாரே என்று நினைத்தேன். பிறகு சொன்னார்: "நாங்களும் கிளிநொச்சியால இடம்பெயர்ந்து வந்த ஆக்கள்தான் அண்ணை. தப்பின சாமானின்ர அருமை எனக்குத் தெரியும். இது என்ர பொறுப்பு."

அதற்குப் பிறகு நான் பேரம் பேசவில்லை. வயலுக்கு உரம் வாங்க வைத்திருந்த காசில் 20,000 வங்கியில் போட்டேன். உருளை வழுக்கிக்கொண்டு ஓடும் வீடியோ ஒன்று வந்தது. மிச்சம் 28,000ஐயும் போட்டேன். அந்த வீடியோவில் ஓடியது எங்கள் கமெராவே இல்லை. எங்களுடையதன் அடியில் பெரியப்பா ஊசியால் கீறிய முதலெழுத்து இருக்கும், அதில் அது இல்லை.

திரும்பி வந்த கமெராவில் பட்டை குறையவில்லை, கூடியிருக்கிறது. டவுனில் மணிக்கூடு திருத்தும் ஐயா மூடியைக் கழற்றிப் பார்த்தார். பழைய கிரீஸ் அப்படியே இருக்கிறது. அதன்மேல் துருப்பிடித்த பூட்டுக்கு அடிக்கிற ஸ்பிரே எண்ணெயை அள்ளி அடித்திருக்கிறார்கள். எண்ணெய் ஊர்ந்து பிளவிலும் லென்ஸிலும் படர்ந்துவிட்டது. ஸ்குரூத் தலைகள் எல்லாம் அரைபட்டிருக்கின்றன. "இதுக்கோ தம்பி 48,000?" என்று ஐயா கேட்டார்.

எடுத்துக் கேட்டால், முதலில் "கூரியர்காரன் போட்டு அடிச்சிருப்பான்." பிறகு "உங்கட பிலிம் பழசு." அப்புறம் "ரஷ்யாவில இருந்து சாமான் வரவேணும், டொலர் விலை தெரியும்தானே, இன்னும் 15,000 போடுங்கோ." காசைத் திருப்பிக் கேட்டேன். "கடைக்கு வாங்கோ, கதைப்பம்" என்றார். விலாசம் கேட்டேன். வட்சப்பில் நீலக்கோடு விழுந்தது, பதில் இல்லை. இன்று காலை என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். மனைவியின் போனிலிருந்து எடுத்தால் "ரோங் நம்பர்" என்கிறார், அதே குரல்! 48,000 ரூபாவை வாங்கியவருக்கு என் பெயரும் தெரியாதாம்.

இந்தக் கமெராக்களை எப்படிப் பராமரிப்பது என்று விவரமாக எழுத நினைத்திருந்தேன், இப்போது மனம் ஓடவில்லை. அனுப்ப முன் தொடரிலக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். வீடியோ அனுப்பினால் அந்த இலக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். ரசீதும் விலாசமும் தராதவருக்கு ஒரு சதமும் வேண்டாம். ஒரு பிலிம் கழுவிப் பார்க்கும்வரை மிச்சக் காசு கொடுக்காதீர்கள். உருளை இறுகினால் ஸ்பிரே எண்ணெய் பக்கமே போக வேண்டாம்.

வங்கிச் சீட்டுகளோடு நாளைக்குப் பொலிசுக்குப் போகிறேன். இதே ஆளிடம் காசு விட்டவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், முறைப்பாட்டைச் சேர்ந்தே கொடுப்போம்.