டயர் கழற்றும் மெஷினைப் பலப்படுத்தக் கொடுக்கிறீர்களா? பெயின்ட் அடிக்க முன் போய்ப் பாருங்கள்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுக் கொட்டிலில் கையால் இயக்கும் டயர் கழற்றும் மெஷின் ஒன்று இருக்கிறது. நடுவில் ஒரு தூண், கீழே கால்கள், டயரை ரிம்மிலிருந்து அமத்திப் பிரிக்க ஒரு கை, டயரை நெம்பிக் கழற்றவும் போடவும் நீளமான இரும்புப் பார் ஒன்று. வீட்டில் இது எதற்கு என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கடற்கரைக்குப் பக்கத்தில் வாகனம் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். இரும்பு ரிம் என்றால் டயர் உட்காரும் விளிம்பு துருப்பிடிக்கும், அலோய் என்றால் வெள்ளையாய்ப் பூக்கும். ஆணி ஒன்றும் குத்தாமலே காற்று மெல்ல மெல்ல இறங்கும். கழற்றி, விளிம்பைச் சுரண்டித் துடைத்து, திரும்பப் போட்டால்தான் தீரும். எங்கள் வீட்டு வாகனங்களுக்கும் தங்கச்சி வீட்டு வேகன் ஆர் காருக்கும் அந்த வேலையை நானே செய்து வந்தேன்.

கடையில் விற்கிற மெஷினில் இரண்டு குறை. தகடு மெல்லியது, பாரை இழுத்தால் தூணே நெளியும். தூண் நெளிந்தால் பாரின் நுனி வழுக்கி ரிம்மைக் கீறும். அடுத்தது, பாரின் நுனி வெறும் இரும்பு. அலோய் ரிம்மைத் தொட்டாலே கோடு விழும். அதனால் அடியில் 6 மில்லிமீற்றர் தகடு, தூணின் அடியைச் சுற்றி முக்கோணத் தாங்குகள், ரிம்மின் விளிம்பில் படும் இடத்துக்கு நைலோன் தலை, நாலு போல்ட் ரிம்முக்கு ஏற்ற நடுத்தட்டு என்று ஒரு கொப்பித் தாளில் கீறிக்கொண்டு கண்டி வீதிப் பக்கம் உள்ள ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். பெயர் போடவில்லை. எனக்கு வேண்டியது நீங்கள் ஏமாறாமல் இருப்பதுதான்.

“இதெல்லாம் ஒரு வேலையா அண்ணா, யோசிக்காதீங்க. பத்து வருசத்துக்கு அசையாது” என்றார் பட்டறைத் தம்பி. மொத்தம் 28,000 ரூபா பேசி 15,000 முற்பணம் கொடுத்தேன். பில் கேட்டேன், வேலை முடியத் தருவதாகச் சொன்னார். அங்கேயே நான் திரும்பியிருக்க வேண்டும். ஒரு கிழமை என்றது மூன்று கிழமையானது. இடையில் இரண்டு தடவை பார்க்கப் போனபோதும் “உள்ளே இருக்கு அண்ணா, நாளைக்கு வாங்க” என்றுதான் பதில் வந்தது. கடைசியில் கறுப்புப் பெயின்ட் பளபளக்க வந்து சேர்ந்தது.

நிலத்தில் பூட்டவும் அவர்களே வந்தார்கள். 12 மில்லிமீற்றர் அங்கர் போல்ட் நாலு. துளை போடும்போது இரண்டு அங்குலம் சீமெந்துத்தூள் வந்தது, அதற்குப் பிறகு மணல். அந்த அளவு அங்கர் பிடிக்க நாலு அங்குலக் கொங்கிறீட்டாவது வேண்டும். நான் அதைச் சொன்னேன். “இறுக்கினால் பிடிச்சுக்கொள்ளும்” என்று இறுக்கிவிட்டு மீதிக் காசையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டாம் நாள் தங்கச்சியின் வேகன் ஆர் டயரைப் போட்டேன். 155/65ஆர்14 அளவு, வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாதது. விளிம்பெல்லாம் சவர்க்காரத் தண்ணீர் பூசி, எதிர்ப்பக்கத்தை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இறக்கிவிட்டுத்தான் பாரைப் பிடித்தேன். முறைப்படி செய்ததால் பலமாக இழுக்கவும் இல்லை. கால்வட்டம் வரும்போது படீர் என்று ஒரு சத்தம். தூண் அடியோடு பிரிந்து சாய, பார் சுழன்று, டயரைப் பிடித்துக்கொண்டிருந்த மருமகனின் காதை உரசிக்கொண்டு போனது. ஒரு அங்குலம் இந்தப் பக்கம் வந்திருந்தால் நெற்றியில் விழுந்திருக்கும். அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

பிறகு உடைந்த இடத்தைத் துடைத்துப் பார்த்தேன். தகட்டின் விளிம்பு வெட்டியபடியே இருந்தது. இரும்பு உருகிச் சேரவே இல்லை. மேலால் நாலைந்து இடத்தில் பொட்டு வைத்த மாதிரித் தொட்டுவிட்டு, இடைவெளிக்குப் பட்டி (பள்ளம் மறைக்கப் பூசும் பசை) பூசி, அதன் மேல் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். முக்கோணத் தாங்கு மூன்றில் ஒன்று முழுக்கப் பட்டியில்தான் ஒட்டியிருந்தது. நைலோன் தலையும் நைலோன் இல்லை. நைலோனைக் கத்தியால் சீவினால் நீளச் சுருளாக வரும், இது பொடியாக உதிர்ந்தது. நிலத்து அங்கரில் இரண்டு கையோடு வந்துவிட்டன. ரிம்மில் ஆழமான கீறல் விழுந்திருந்தது. டயரின் உள்விளிம்பு கிழிந்து உள்ளிருக்கும் கம்பி வெளியே தெரிந்தது.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். “நீங்க கூடுதலா இழுத்திருப்பீங்க அண்ணா” என்றார் அந்தத் தம்பி. சரி, அதைக்கூடப் பொறுக்கலாம். டயரைப் பார்த்துவிட்டு, “உள்ளுக்கு ஒரு ஒட்டுப் போட்டுத் தாறேன், ஓடும்” என்றார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தக் கம்பி வளையம்தான் டயரை ரிம்மில் பிடித்து வைத்திருக்கிறது. கம்பி தெரிய அந்த இடம் கிழிந்த டயருக்கு ஒட்டு என்பதே கிடையாது. அதில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கந்தளாய் கடந்து ஹபரணைப் பக்கம் ஓடினால் என்னவாகும்? டயரை வீட்டுக்குக் கொண்டுவந்து, யாரும் எடுத்துப் பாவிக்காதபடி இரண்டாக வெட்டிவிட்டேன்.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால் பெயின்ட் இல்லாமல் வாங்குங்கள். பெயின்டை நீங்களே அடிக்கலாம். வெல்டிங் ஓட்டை இல்லாமல் தொடர்ச்சியாக ஓடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பட்டி என்றால் சத்தமே காட்டிக்கொடுக்கும். நைலோன் துண்டைப் பூட்ட முன் ஒரு ஓரத்தைச் சீவிப் பாருங்கள். நிலம் மெல்லியது என்றால் அந்த இடத்தை மட்டும் உடைத்து, ஆழமாகக் கொங்கிறீட் போட்டு, நன்றாக இறுகவிட்டுப் பூட்டுங்கள். முதல் தடவை ஒரு பழைய டயரில் ஓட்டிப் பாருங்கள், பக்கத்தில் யாரையும் நிற்க விடாதீர்கள். முற்பணத்துக்கு அன்றைக்கே பில் வாங்குங்கள்.

எனக்குப் பில் கிடைக்கவே இல்லை. ஆனாலும் வட்ஸ்அப்பில் பேசிய விலையும் படங்களும் இருக்கின்றன. அவற்றை வைத்துப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், அதைத் தவற விடாதீர்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் விபரம் சொல்வார்கள்.

உடைந்த தூணும் அந்தப் பட்டித் தாங்கும் எங்கள் கொட்டிலில் அப்படியே கிடக்கின்றன. இதே வேலையைக் கொடுக்க யோசிக்கிறவர்கள் ஒரு தடவை வந்து கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.