கால்பந்து சலிப்பூட்டும் விளையாட்டா? கிரிக்கெட், கபடி, கூடைப்பந்தோடு ஓர் ஒப்பீடு

கால்பந்து ஏன் பார்ப்பதில்லை என்று கேட்டால் பலரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு கோல் விழுகிறது. சில நாள் அதுவும் இல்லை." கிரிக்கெட்டிலேயே வளர்ந்த நம் ஊரில் இந்தக் குற்றச்சாட்டு எளிதில் எடுபடும். ஓவருக்கு 6 பந்து, ஒவ்வொரு பந்துக்கும் ஒரு முடிவு என்று பழகிய கண்ணுக்கு, 22 பேர் பந்தை அங்கும் இங்கும் தட்டிக்கொண்டிருப்பது வெட்டி வேலையாகத்தான் தெரியும். இதற்குக் கால்பந்து ரசிகர்கள் வழக்கமாகச் சொல்வது, "உங்களுக்கு ஆட்டம் புரியவில்லை" என்பது. அது பதிலே ஆகாது. பார்ப்பவருக்கு அலுப்புத் தட்டினால் அவர் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கக் கூடாது. குற்றச்சாட்டில் உண்மை எவ்வளவு, மற்ற விளையாட்டுகள் இதே சிக்கலை எப்படிச் சமாளித்தன என்று பார்ப்பதுதான் முறை.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மோசமான கால்பந்து ஆட்டத்தைப் போல் பொறுமையைச் சோதிப்பது வேறு எதுவும் இல்லை. 1994 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரேசிலும் இத்தாலியும் கொதிக்கும் வெயிலில் 120 நிமிடம் ஆடின. ஒரு கோல் கூட விழவில்லை. பெனால்டியில் பிரேசில் 3-2 என்று வென்றது. அதற்கு முந்தைய 1990 உலகக் கோப்பையில் ஆட்டத்துக்குச் சராசரியாக 2.21 கோல்தான், உலகக் கோப்பை வரலாற்றிலேயே அதுதான் மிகக் குறைவு. அதன் இறுதி ஆட்டத்தை முடித்துவைத்ததும் 85ஆவது நிமிடத்தில் மேற்கு ஜெர்மனியின் பிரேமா அடித்த ஒற்றைப் பெனால்டிதான்.

இவற்றையெல்லாம் விடக் கேவலமானது 1982 உலகக் கோப்பையில் ஸ்பெயினின் கிகோன் நகரில் நடந்தது. மேற்கு ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் ஆட்டம். அதே பிரிவில் இருந்த அல்ஜீரியா தன் கடைசி ஆட்டத்தை முந்தைய நாளே ஆடி முடித்திருந்தது. மேற்கு ஜெர்மனி ஒன்றிரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் இரண்டு ஐரோப்பிய அணிகளுமே அடுத்த சுற்றுக்குப் போகலாம், அல்ஜீரியா வெளியே. பத்தாவது நிமிடத்தில் ஜெர்மனி ஒரு கோல் போட்டது. இரண்டாம் பாதியில் ஆட்டம் என்று சொல்ல அங்கே எதுவுமே இல்லை. பின்வரிசையில் பந்தைத் தட்டித் தட்டியே நேரத்தை ஓட்டினார்கள். அரங்கில் இருந்தவர்கள் கத்தித் தீர்த்தார்கள். முதல் ஆட்டத்தில் அதே ஜெர்மனியை 2-1 என்று வீழ்த்தியிருந்த அல்ஜீரியா ஊருக்குத் திரும்பியது. அடுத்த உலகக் கோப்பையிலிருந்து பிரிவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடத்தப்படுகின்றன.

இந்த உதாரணங்களைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். சலிப்புக்குக் காரணம் கோல் குறைந்தது மட்டும் இல்லை. கோல் போட வேண்டிய கட்டாயம் ஆடுபவர்களுக்கு இல்லாமல் போனது. சமன் செய்தால் போதும், ஒன்று போட்டுவிட்டோம் இனி பூட்டிவிடலாம் என்று அணிகள் முடிவெடுக்கும்போதுதான் ஆட்டம் செத்துப்போகிறது. விதிகளைத் திருத்தியவர்களும் அங்கேதான் கை வைத்தார்கள். சக ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் திருப்பித் தரும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992இல் வந்தது. வெற்றிக்கு 2 புள்ளி என்பது 1994 உலகக் கோப்பையில் 3 ஆனது. கோல் வலையைப் பெரிதாக்க வேண்டும் என்ற யோசனையும் அவ்வப்போது எழுந்ததுண்டு. நல்ல வேளையாக அதை யாரும் ஏற்கவில்லை.

இதே வியாதி கூடைப்பந்துக்கும் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1950 நவம்பரில் ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி மினியாபோலிஸ் லேக்கர்ஸை 19-18 என்ற கணக்கில் வென்றது. எதிரணி பலமானது என்பதால் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினார்கள். இப்படியே போனால் அரங்கு காலியாகிவிடும் என்று பயந்த அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ, 1954இல் 24 விநாடிக் கடிகாரத்தைக் கொண்டுவந்தது. அதற்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். மருந்து உடனே வேலை செய்தது. இன்று ஓர் அணி 100 புள்ளியைத் தாண்டுவது சாதாரணம்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. நூறைத் தாண்டும் கணக்கில் ஒரு கூடைக்கு என்ன மதிப்பு? மூன்றாம் கால் பகுதியில் நீங்கள் எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் பெரிதாக எதையும் இழந்திருக்க மாட்டீர்கள். உயிர் எல்லாம் கடைசி இரண்டு நிமிடத்தில். அந்த இரண்டு நிமிடமும் டைம் அவுட், ஃபவுல், ஃப்ரீ த்ரோ என்று துண்டு துண்டாக வெட்டப்பட்டுக் கால் மணி நேரம் இழுக்கிறது. கண்ணுக்கு ஓய்வில்லாத விளையாட்டு கூடைப்பந்து. நெஞ்சுக்கு ஓய்வு நிறையவே கொடுக்கும். அமெரிக்கர்களின் மற்ற இரண்டு விளையாட்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அமெரிக்கக் கால்பந்தில் மூன்று மணி நேர ஒளிபரப்பில் பந்து உண்மையாக நகர்வது ஏறத்தாழ 11 நிமிடம். பேஸ்பால் மெதுவாகிக்கொண்டே போனதால் 2023இல் பந்து எறிபவருக்கும் கடிகாரம் வைத்தார்கள். ஆட்ட நேரம் சராசரியாக 24 நிமிடம் குறைந்தது. கால்பந்தில் 90 நிமிடத்தில் பந்து உருளும் நேரம் ஏறக்குறைய 55 முதல் 60 நிமிடம். "ஒன்றுமே நடக்காத விளையாட்டு" என்று அமெரிக்காவிலிருந்து வரும் ஏளனத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்கள் நினைவுக்கு வரும்.

இனி கிரிக்கெட். நமக்கு இதுதான் முக்கியமான ஒப்பீடு.

சலிப்பின் சரித்திரம் எழுதினால் கிரிக்கெட்டுக்கு அதில் தனி அத்தியாயமே ஒதுக்க வேண்டும். 1939 மார்ச்சில் டர்பனில் இங்கிலாந்தும் தென்னாப்பிரிக்காவும், நாள் கணக்கே இல்லாத டெஸ்ட் ஒன்றை ஆடின. மார்ச் 3இல் தொடங்கியது 14 வரை நீண்டது. 696 ரன் தேவைப்பட்ட இங்கிலாந்து 5 விக்கெட்டுக்கு 654 எடுத்திருந்தபோது மழை வந்தது. ஊருக்குப் போகும் கப்பலைப் பிடிக்க வேண்டும் என்று அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். முடிவு, டிரா. ஒருநாள் ஆட்டம் வந்த பிறகும் 1975 உலகக் கோப்பையில், 335 ரன் இலக்கைத் துரத்த வேண்டிய நேரத்தில் சுனில் கவாஸ்கர் 174 பந்தில் 36 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார்.

அதே கிரிக்கெட்தான் சேப்பாக்கத்தில் 1986 செப்டம்பரில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஐந்து நாள் ஆடி, கடைசி ஓவரில் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ ஆக, ஸ்கோர் சமமாகி 'டை'யில் முடிந்த டெஸ்டையும் கொடுத்தது. 1999 ஜனவரியில் பாகிஸ்தானுக்கு எதிராக 271 ரன் இலக்கு. முதுகு வலியோடு சச்சின் 136 அடித்து அவுட் ஆனபோது வெற்றிக்கு இன்னும் 17தான் வேண்டும், கையில் 3 விக்கெட் இருந்தது. இந்தியா 12 ரன்னில் தோற்றது. சேப்பாக்கத்தின் கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்குப் பின்னால் நான்கு நாள் சேர்த்துவைத்த பதற்றம் இருந்தது. முதல் நாள் காலை ஒன்றுமே நடக்காதது போல் தெரிந்த மணி நேரங்கள்தான் கடைசி நாள் மாலைக்கு அந்தக் கனத்தைக் கொடுத்தன.

ஆகவே டெஸ்ட் கிரிக்கெட்டை ரசிப்பவர் கால்பந்தைச் சலிப்பென்று சொன்னால் நான் ஏற்க மாட்டேன். இரண்டும் ஒரே ரகம். காத்திருப்பே இரண்டுக்கும் முதலீடு. கால்பந்து அதை ஐந்து நாளுக்குப் பதில் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துக்கொடுக்கிறது.

டி20 வேறு. 2003இல் இங்கிலாந்தில் தொடங்கியபோது சலிப்பை ஒழிப்பதுதான் அதன் நோக்கம், நோக்கத்தில் வென்றும்விட்டது. குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க, இடையில் போனை எடுத்துப் பேச, சமையலறைக்குப் போய்விட்டு வர அதைவிட வசதியான விளையாட்டு இல்லை. ஆனால் அது கூடைப்பந்தின் பாதையில் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் சிக்ஸர் அடித்தால் மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றியே பேசுவோம். இன்று ஓர் இன்னிங்ஸில் 15 சிக்ஸர் போகும்போது எதை நினைவில் வைத்துக்கொள்வது? 220 ரன்னைத் துரத்தும் அணி எட்டாவது ஓவருக்குள் 5 விக்கெட் இழந்துவிட்டால் மீதி 12 ஓவரும் சடங்குதான். அந்தச் சடங்கையும் விளம்பரங்களையும் சேர்த்து ஐபிஎல் ஆட்டம் மூன்றரை மணி நேரத்தைத் தாண்டுகிறது.

நிமிடத்துக்கு நிமிடம் கணக்குப் பார்த்தால் கால்பந்தை வெல்லக்கூடியது கபடி. இதைத் தயங்காமல் சொல்வேன். மொத்தம் 40 நிமிடம். பாடிப் போகிறவருக்கு 30 விநாடி. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்து, போனஸ் கோட்டுக்கு அப்பால் ஒரு காலை ஊன்றி, மறு காலைத் தரையிலிருந்து தூக்கி நிற்கும் அந்த அரை விநாடியில், மூலையில் நிற்பவர் கணுக்காலைப் பார்த்துப் பாய்கிறார். பிடி விழுந்தால் மற்றவர்கள் மேலே விழுகிறார்கள். வழுக்கினால் ஒரே தாவலில் நடுக்கோட்டுக்குக் கை போய்விடுகிறது. புரோ கபடியில் ஓர் அணி தொடர்ந்து இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அவுட். பதுங்கிக்கொள்ள இடமே தராத விதி. கபடியின் குறை எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: 15 புள்ளி முன்னிலை பெற்ற அணி கடைசிப் பத்து நிமிடத்தைக் கோட்டுக்கு அருகிலேயே நின்று கழிக்கும்போது பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.

அப்படியானால் கால்பந்திடம் மட்டுமே இருப்பது என்ன?

கோல் அரிது என்பதால் கோலுக்குக் கனம் வருகிறது. அந்தக் கனத்தால் எளிய அணிக்கு வாய்ப்பு வருகிறது. கத்தார் உலகக் கோப்பையில் 2022 நவம்பர் 22 அன்று, 36 ஆட்டம் தோற்காமல் வந்த அர்ஜென்டினாவை சவுதி அரேபியா 2-1 என்று தோற்கடித்தது. முதல் பாதியில் அர்ஜென்டினா வலைக்குள் போட்ட மூன்று கோல்கள் ஆஃப்சைடு என்று செல்லாமல் போயின. இடைவேளை முடிந்து எட்டு நிமிடத்துக்குள் சவுதி இரண்டு கோல் போட்டுவிட்டது. பிறகு உயிரைக் கொடுத்துத் தடுத்தது. நூறு முறை கூடையை நோக்கி எறியும் விளையாட்டில் இது எளிதில் நடக்காது. எண்ணிக்கை கூடக் கூடத் திறமையான அணி மேலே வந்துவிடும். கால்பந்தில் தவறுக்கும் துணிச்சலுக்கும் இடையே இரண்டே வாய்ப்புதான் இருக்கும். அதில் ஒன்று போதும். ஒரு கோல் முன்னிலையில் இருக்கும் அணியின் ரசிகர் 88ஆவது நிமிடத்தில் படும் பாட்டை வேறெந்த விளையாட்டும் எனக்குக் காட்டியதில்லை. கோல் மழை பொழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2014 அரையிறுதி இருக்கிறது. பிரேசிலுக்கு எதிராக ஜெர்மனி 29 நிமிடத்துக்குள் 5-0. அதிர்ச்சி என்ற வகையில் அது வரலாறு. ஆட்டம் என்ற வகையில் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

2022 கத்தார் உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவும் பிரான்சும் ஆடிய இறுதி ஆட்டத்துக்கு வருவோம். 36ஆவது நிமிடம். அர்ஜென்டினா தன் பாதியில் பந்தைப் பறிக்கிறது. மெஸ்ஸியிடம் வந்த பந்தை அவர் நிறுத்தவே இல்லை. காலின் வெளிப்புறத்தால் தட்டிவிடுகிறார். அல்வாரெஸ் அதை முன்னே ஓடும் மக் அலிஸ்டருக்குத் தள்ளுகிறார். அவர் பார்ப்பது பந்தை இல்லை, இடப்பக்கம் ஓடிவரும் டி மரியாவை. குறுக்கே ஒரு பாஸ், கோல். இதைத் தொலைக்காட்சியில் பார்த்தவருக்கு டி மரியா கடைசியில்தான் கண்ணில் பட்டிருப்பார். அவர் ஓட்டம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

கால்பந்து சலிப்பாகத் தெரிவதற்கு உண்மையான காரணங்களில் ஒன்று இங்கே இருக்கிறது. கேமரா பந்தைப் பின்தொடர்கிறது. ஆட்டமோ பந்து இல்லாத இடத்தில் தயாராகிறது. கிரிக்கெட்டும் கபடியும் திரைக்குள் அடங்குகின்றன, கால்பந்து அடங்குவதில்லை. அரங்கின் மேல்வரிசையில் உட்கார்ந்தால் தற்காப்பு வரிசை மொத்தமாக ஏறி இறங்குவதும், அதில் விழும் இடைவெளியும் தெரியும். சின்ன மைதானமென்றால் இன்னும் நெருக்கம். மலப்புறத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டங்களில் பந்து ஒரு கோலிலிருந்து மறு கோலுக்கு நான்கைந்து தட்டில் போய்விடும். அங்கே கூடும் கூட்டத்திடம் போய்க் கால்பந்து சலிப்பா என்று கேட்டுப் பார்க்கலாம்.

இறுதி ஆட்டத்தில் மீதி நடந்தது தெரிந்ததுதான். 79 நிமிடம் வரை, 0-2 என்று பின்தங்கியிருந்த பிரான்ஸ் ஆடியதாகவே தெரியவில்லை. பிறகு எம்பாப்பே 97 விநாடிக்குள் இரண்டு கோல். கூடுதல் நேரத்தில் ஆளுக்கு ஒன்று, 3-3. 120 நிமிடமும் கடந்து கோலோ முவானி தனியாக நின்று அடித்த பந்தை எமிலியானோ மார்ட்டினெஸ் இடது காலை நீட்டித் தடுத்தார். அடுத்த சில விநாடியில் மறுமுனையில் லௌதாரோ மார்ட்டினெஸ் தலையால் முட்டியது வெளியே போனது. பிரான்சின் அந்த 79 நிமிட மந்தம் இல்லாவிட்டால் 97 விநாடிக்கு அவ்வளவு வேகம் இருந்திருக்காது.

என் தீர்ப்பு இது. அரை மணி நேரம் இருக்கிறது, எதையாவது பார்க்க வேண்டும் என்றால் கபடி. வேறு வேலையும் பார்த்துக்கொண்டே பார்க்க டி20. முழுதாக உட்கார்ந்து, எந்த அணியாவது வெல்ல வேண்டும் என்று மனதார விரும்பிப் பார்ப்பதானால் கால்பந்துதான். யார் ஜெயித்தாலும் கவலையில்லை என்று பார்ப்பவருக்கு அதன் பாதி ஆட்டங்கள் சலிக்கத்தான் செய்யும்.

ஆனாலும் கால்பந்து திருந்த வேண்டிய இடம் இன்னும் இருக்கிறது. முன்னிலை பெற்றதும் புல்லில் உருளுவது, த்ரோ இன்னுக்கு அரை நிமிடம் எடுப்பது, வீடியோ நடுவர் ஒரு தோள்பட்டை அளவுக்குக் கோடு போட்டு முடிக்கும்வரை மைதானமே காத்து நிற்பது: இவை ஆட்டத்தின் நிதானம் ஆகாது, திருடப்பட்ட நேரம். கோல்கீப்பர் 8 விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்று 2025இல் விதி வந்திருக்கிறது. அது சரியான பாதை. பந்து நின்றால் கடிகாரமும் நிற்கட்டும், பாதிக்கு 30 நிமிடம் போதும் என்ற யோசனையை விதிகளை வகுக்கும் அமைப்பு 2017இலேயே விவாதத்துக்கு வைத்தது. அதை மறுபடி எடுத்துப் பேச வேண்டும்.