சுவிசேஷப் பயிற்சி வகுப்பு: சேரலாமா?

எங்கள் சபையில் வெளியிலிருந்து ஒரு குழுவை அழைத்து, இயேசுவைப் பற்றிப் பிறருக்கு எப்படிச் சொல்வது என்று சாதாரண விசுவாசிகளுக்கென்று நடத்திய சுவிசேஷப் பயிற்சி இப்போதுதான் முடிந்தது. சேரலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகச் சேருங்கள். ஆனால் அனுபவமுள்ள ஒருவரோடு வீடு சந்திக்கப் போவதும் பயிற்சியில் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வகுப்பறையோடு முடிகிற பயிற்சியென்றால் நான் போகச் சொல்ல மாட்டேன்.

பாடம் என்று பார்த்தால் ஒரு சின்ன அட்டைதான். அதில் வேதத்திலிருந்து நாலு வசனங்கள்: ரோமர் 3:23, 6:23, 5:8, 10:9. எல்லாரும் பாவஞ்செய்தார்கள், பாவத்தின் சம்பளம் மரணம், நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார், வாயினாலே அறிக்கையிட்டு இருதயத்திலே விசுவாசித்தால் இரட்சிப்பு. பழைய வரிசை, மனப்பாடம் செய்வதும் சுலபம். ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் வருகிறவர்களிலேயே, "நீங்க அப்படி என்னதான் நம்புறீங்க?" என்று யாராவது கேட்டால் கோர்வையாக நாலு வரி சொல்லத் திணறுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம், அதற்கு இந்த அட்டை நல்ல பிடிமானம்.

அடுத்து வந்த இரண்டு கேள்விகளில்தான் எனக்கு உடன்பாடில்லை. "இன்று இரவே மரித்தால் பரலோகம் போவீர்கள் என்ற நிச்சயம் உண்டா?", "ஏன் உன்னை உள்ளே விடவேண்டும் என்று தேவன் கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று பேச்சைத் தொடங்கச் சொல்கிறார்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஜேம்ஸ் கென்னடி என்ற போதகர் 1962-ல் தொடங்கிய எவாஞ்சலிசம் எக்ஸ்ப்ளோஷன் பயிற்சியின் மூலம் உலகமெங்கும் பரவிய கேள்விகள் இவை. பரலோகம், நியாயத்தீர்ப்பு, ஒரே தேவன் இதெல்லாம் சிறுவயது முதல் காதில் விழுந்து வளர்ந்தவரை இந்தக் கேள்வி உலுக்கும். அந்தப் பின்னணியே இல்லாதவரிடம் எடுத்த எடுப்பில் சாவைப் பற்றிக் கேட்டால் அவர் மிரண்டுதான் போவார். அப்போஸ்தலனாகிய பவுல் அந்தியோகியாவில் யூதர்களின் ஜெப ஆலயத்தில் இஸ்ரவேலின் சரித்திரத்திலிருந்து ஆரம்பித்தார் (அப்போஸ்தலர் 13), அத்தேனேயில் (ஏதென்ஸ்) அந்த ஊராருடைய பலிபீடத்தில் எழுதியிருந்ததிலிருந்து ஆரம்பித்தார் (17-ம் அதிகாரம்). அதே பவுல், அதே சுவிசேஷம், ஆளுக்கு ஏற்ற வாசல். இதை ஒரு வகுப்பு முழுக்கப் பேசியிருக்கலாம், வினாத்தாள் மாதிரி ஒப்பித்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

சாட்சி எழுதும் பயிற்சி அருமை. அகிரிப்பா ராஜாவுக்கு முன்னால் பவுல் பேசியதை (அப்போஸ்தலர் 26) வைத்து, முன்பு எப்படி இருந்தேன், கிறிஸ்துவை எப்படிச் சந்தித்தேன், பிறகு என்ன மாறியது என்று மூன்று பகுதியாகச் சுருக்கமாக எழுத வேண்டும். விசுவாசக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த ஒரு தம்பி, "என் வாழ்க்கையில பெருசா ஒண்ணும் நடக்கலையே சிஸ்டர்" என்று பேனாவை மூடி வைத்துவிட்டான். பயிற்சி நடத்திய அக்கா அவசரப்படவில்லை. "அப்பாகூட ரொம்ப நாள் பேசாம இருந்தேன்னு சொன்னீங்கல்ல, திரும்பப் போய்ப் பேச வெச்சது எது?" என்று மட்டும் கேட்டார். அவன் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்தபடி இருந்தான், அப்புறம் எழுத ஆரம்பித்தவன் பக்கத்தைத் திருப்பி எழுதினான். வாசித்தபோது அந்த அறையில் யாருமே அசையவில்லை. குடி, கொலைவெறி என்று பெரிய கதை இருந்தால்தான் சாட்சி என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறோம், அந்த நினைப்பை இந்த ஒரு மாலை உடைத்தது.

வீடு சந்திப்புக்கு அனுபவசாலி ஒருவர், கூடப் புதியவர்கள் இருவர். புதியவர்கள் முதலில் பார்க்க மட்டும் வேண்டும், பிறகு கொஞ்சம் பேசலாம், கடைசியில் அவர்களே நடத்த வேண்டும். எங்களைக் கூட்டிப்போன வயதான அம்மா கணவரை இழந்த ஒருவரின் வீட்டுக்குப் போனார். அட்டையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. "ராத்திரி தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டுவிட்டு அவர் பேசுவதை ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கும்போது, "உங்களுக்காக ஜெபம் பண்ணட்டுமா? வேண்டாம்னாலும் பரவாயில்லை" என்றார். அந்த வீட்டம்மா சரி என்றார், ஜெபம் முடிந்ததும், "நீங்க எப்படி இவ்வளவு தைரியமா இருக்கீங்க?" என்று அவராகவே கேட்டார். அதற்குப் பிறகுதான் இயேசுவைப் பற்றிய பேச்சே வந்தது. உங்களிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு (பதில்) சொல்லுங்கள் என்று பேதுரு எழுதியதை (1 பேதுரு 3:15) எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன், நடந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

குறைகளில் பெரியது, சந்திப்பு முடிந்ததும் நிரப்பச் சொல்லும் படிவம். இயேசுவை ஏற்றுக்கொள்வதாக எத்தனை பேர் தீர்மானம் எடுத்தார்கள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்துக்காகவே சிலர் எதிரில் இருப்பவரை அவசர அவசரமாக ஜெபத்தைத் திருப்பிச் சொல்ல வைக்கிறார்கள், இது அந்த மனிதருக்கும் நல்லதில்லை, சுவிசேஷத்துக்கும் நல்லதில்லை. "வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் மரியாதையோடு நிறுத்திக்கொள்வது எப்படி, அதற்குப் பிறகும் அதே பழைய நட்போடு பழகுவது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை. பின்தொடர் ஊழியத்துக்கும் ஒரு தாளைக் கொடுத்ததோடு சரி. புதிதாக விசுவாசத்துக்கு வருகிறவரோடு அடுத்த வாரம் யார் உட்கார்ந்து வேதம் வாசிப்பது? அதற்குப் பதில் இல்லாமல் ஆளை வெளியே அனுப்பக் கூடாது.

கூச்ச சுபாவம் உள்ளவர்கள் இது நமக்கு இல்லை என்று ஒதுங்க வேண்டாம். எங்கள் வகுப்பில் நன்றாகச் செய்தவர்கள் பெரும்பாலும் அதிகம் பேசாதவர்கள்தான், அவர்களுக்குக் கேட்கத் தெரிந்திருந்தது. போதகர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த பிரிவை ஆரம்பிக்கும் முன்னால் அந்தத் தீர்மானக் கட்டத்தை அடித்துவிட்டு, "மறுபடி எப்போது போகிறீர்கள்?" என்று ஒரு கட்டம் போடுங்கள்.