பெருவிரல் நுனி

தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகும் வழியில் ஒரு மாடிக்கடை. எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் வரைந்து கொடுக்கிறார்கள். கொடுக்கிறார்கள் என்ன, அங்கே இருப்பது ஒரே ஒரு பெண். பலகையில் இருப்பது அவருடைய அப்பாவின் பெயர்.

நுழைந்ததும் நான் கேட்டதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: “ஆர்ட்டிஸ்ட் எப்போது வருவார்?”

“வந்துவிட்டார், சொல்லுங்கள் அண்ணா.”

என்னிடம் இருந்தது கழுத்துவரை தெரியும் ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைப் படம். அம்மா முப்பது வருடம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், முந்திரி உடைத்தவள். ஏற்கெனவே ஒரு கடையில் கம்ப்யூட்டரில் பெரிதாக்கித் தந்தார்கள். முகத்தை வெளுத்து, பட்டுச்சேலையும் சங்கிலியும் மாட்டி, யாரோ முதலாளியம்மா ஆக்கிவிட்டார்கள்.

இவர் கேட்டது வேறு. “அம்மா சும்மா இருக்கும்போது கையை எங்கே வைப்பார்கள்?” அவள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. தங்கைக்குப் போன் செய்தேன். மடியில் வைத்து, வலது கையை இடது கையால் மூடிக்கொள்வாள் என்றாள். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு அரித்த விரல்களை மறைக்கத்தான். இவர் வரைந்த படத்திலும் கை மூடியிருக்கிறது. பெருவிரல் நுனி மட்டும் கறுப்பாக வெளியே தெரிகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் முகத்தைவிட அதைத்தான் நின்று பார்க்கிறார்கள்.

பலகையை மாற்றக் கூடாதா என்று கேட்டேன். வரைவது பெண் என்று தெரிந்தால் பாதி விலைக்குக் கேட்கிறார்களாம். பிறகு லண்டன் ராயல் அகாடமி என்ற கலைஞர்கள் சங்கத்தின் கதையைச் சொன்னார். 1768இல் அதைத் தொடங்கியவர்களில் ஆஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என்று இரண்டு பெண்கள் உண்டு. அகாடமிக்காரர்கள் கூடியிருப்பதாக ஸோஃபனி என்ற ஓவியர் வரைந்த ஓவியத்தில் ஆண்கள் மாடலைச் சுற்றி நிற்கிறார்கள். இந்த இருவரும் சுவரில் மாட்டிய படங்களாக மட்டும் இருக்கிறார்கள். ஆடையில்லாத மாடல் இருக்கும் அறைக்குள் அன்று பெண்கள் வரக்கூடாது. அடுத்த பெண் முழு உறுப்பினராக 1936 ஆயிற்று. “அவர்களாவது சுவரில் இருக்கிறார்கள் அண்ணா, நான் பலகையிலும் இல்லை.”

(நம் பழைய திருவிதாங்கூரில் மட்டும் என்ன? ரவிவர்மாவைத் தெரியாதவர் இல்லை. அவரையே வரைந்த தங்கை மங்களாபாயை யாருக்குத் தெரியும்?)

குறைகள் உண்டு. மூன்று வாரம் என்றார், ஆறு வாரம் ஆனது. ஆடி மழை ஈரத்தில் எண்ணெய் வண்ணம் சீக்கிரம் காயாது. அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். சட்டத்தை வெளியே கொடுத்துச் செய்கிறார், ஒரு மூலை சரியாகப் பொருந்தவில்லை. இரண்டுக்கு இரண்டரை அடிப் படம் 12,000 ரூபாய். நானும் பேரம் பேசி 500 குறைத்தேன், இப்போது உறுத்துகிறது.

கையெழுத்தைப் பின்பக்கம் போட்டிருந்தார். திரும்பக் கொண்டுபோய், முன்பக்கக் கீழ் மூலையில் முழுப் பெயரையும் எழுதவைத்தேன். அது காய இன்னும் ஒரு வாரம் ஆனது.