ப்ரீஃபேப் வீடா, வழக்கமான கட்டுமானமா?

ப்ரீஃபேப் என்றால் வீட்டின் பாகங்களைத் தொழிற்சாலையில் செய்து, மனைக்குக் கொண்டுவந்து பொருத்துவது. வேகம் என்று பார்த்தால் அதுதான், அதில் பேச்சே இல்லை. மனையில் அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருக்கும்போதே தொழிற்சாலையில் சுவர் பேனல்கள் தயாராகிவிடும், மழை வந்தாலும் அங்கே வேலை நிற்காது. வழக்கமான முறையில் ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. கான்கிரீட் பலத்துக்கு 28 நாள் என்று கணக்கு, தளம் போட்டால் முட்டுகளைப் பிரிக்கவே காத்திருக்க வேண்டும்.

செலவு? இங்கேதான் விளம்பரங்கள் கொஞ்சம் ஏமாற்றும். சொல்லும் விலையில் அஸ்திவாரம், லாரி வாடகை, கிரேன், தண்ணீர் மின் இணைப்பு எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். தெரு குறுகலாக இருந்து கிரேன் திரும்ப இடமில்லை என்றால் கதை அங்கேயே முடிந்தது. செங்கல்லோ, தலைச்சுமையாகக்கூட உள்ளே போய்விடும்.

என்னைக் கேட்டால் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது பேனல்கள் ஒன்றோடொன்று சேரும் மூட்டுகளைத்தான். 1968இல் லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 தளக் கட்டடத்தில் ஒரு வீட்டில் எரிவாயு வெடித்து, சுவர் பேனல் வெளியே தள்ளப்பட, ஒரு மூலை முழுக்கச் சரிந்தது. பேனல்களின் பிணைப்பு அவ்வளவு பலவீனம். தனி வீட்டில் அந்த அளவுக்குப் பயம் வேண்டாம், ஆனால் மூட்டில் அடைத்த சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) காய்ந்து விரிசல் விட்டால் மழைநீர் உள்ளே வரும், அவ்வப்போது பார்த்துப் புதுப்பிக்க வேண்டும்.

அப்புறம், பாதியில் மனம் மாறும் ஆளா நீங்கள்? "ஜன்னலை இரண்டடி தள்ளி வையுங்கள்" என்றால் கொத்தனார் முணுமுணுத்துக்கொண்டே செய்துவிடுவார். வார்த்து வந்த பேனலில் அது நடக்காது. பிளக் பாயின்ட் எங்கே என்பது வரை ஆர்டர் கொடுக்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.