ஒன்டாரியோவில் 309ஏ உரிமம்: அனுபவ மதிப்பீடா, அப்ரண்டிஸா?

ஊரில் எத்தனை வருடம் வயரிங் செய்திருந்தாலும், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 309ஏ (கட்டுமான, பராமரிப்பு எலக்ட்ரீஷியன்) உரிமமோ அப்ரண்டிஸ் (தொழில் பயிலுநர்) பதிவோ இல்லாமல் இந்த மின்வேலையைத் தொழிலாகச் செய்வது சட்டவிரோதம்.

பழைய அனுபவத்தைக் காட்டி, தொழில் உரிமம் தரும் அமைப்பான ஸ்கில்ட் டிரேட்ஸ் ஒன்டாரியோவிடம் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். பலர் சிக்குவது முதலாளியின் கடிதத்தில்தான். 'திறமையானவர், நேர்மையானவர்' என்பதெல்லாம் செல்லாது. பேனல், கான்டுயிட் (வயர் செல்லும் குழாய்), மோட்டார் கன்ட்ரோல் என்று வேலைவாரியான விவரமும் மணிக்கணக்கும் வேண்டும். ஒப்புதல் வந்தால் நேரே தேர்வு எழுதலாம், தேர்ச்சிக்கு 70%. ஒப்புதலை வைத்துக்கொண்டு மட்டும் வேலைக்குப் போக முடியாது.

அப்ரண்டிஸ் வழி நீளம்: மொத்தம் 9,000 மணி நேரம், அதில் 840 வகுப்பறையில். சுமார் ஐந்து வருடம். ஆனால் பதிவானதுமே சம்பளத்தோடு சட்டப்படி வேலை. ஸ்பான்சர் செய்யும் முதலாளி கிடைப்பதுதான் பெரும்பாடு.

காகிதம் பக்காவாக இருந்து, தொழிற்சாலை வேலையும் தெரிந்தவருக்கு முதல் வழி. வீட்டு வயரிங் மட்டும் பார்த்தவர் அப்ரண்டிஸாகச் சேர்வதே நல்லது; தேர்வு அவரைத் திணறடிக்கும்.

எந்த வழியானாலும் கைப்பழக்கத்தை மாற்றியாக வேண்டும். இந்தியாவில் நியூட்ரலான கறுப்பு வயர் இங்கே லைவ், நியூட்ரல் வெள்ளை.